ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் என்ஜினைப் பாருங்கள்

கார் வாங்கி ஐந்தாறு வருடம் ஓட்டிய பிறகும் ஹீட்டர் திருகைச் சிவப்புப் பக்கம் ஒருமுறைகூடத் திருப்பாதவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். சமவெளியில் அதற்குத் தேவையும் இல்லை. டிசம்பரில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போதுதான் அதன் நினைவே வரும். அப்போது திருப்பினால் சில கார்களில் சூடு வராது. சரி, ஹீட்டர்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். அப்படி விடக் கூடாது. ஹீட்டருக்கும் என்ஜினைக் குளிர்விக்கும் அமைப்புக்கும் திரவம் ஒன்று, பம்ப் ஒன்று. ஹீட்டரில் சூடு வராததற்கு, என்ஜினைச் சுற்றி ஓட வேண்டிய திரவம் குறைந்துபோனது காரணமாக இருக்கலாம். அதே நிலையில் மலை இறங்கி, வெயிலில் நெடுஞ்சாலையில் விரட்டினால், ஒரு ஹோஸ் கிளிப்போடு முடிய வேண்டிய வேலை என்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.

இது புரிய, சூடு எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி என்ஜினின் உலோகத்தில் ஏறும் சூடு. அதை உடனுக்குடன் எடுத்துப்போகாவிட்டால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். என்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

எடுத்துப்போகும் வேலை கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவத்துக்கு. சிலிண்டர்களைச் சுற்றியும், அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹெட்டுக்குள்ளும் அது ஓடுவதற்கு வழி இருக்கிறது. வாட்டர் பம்ப் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சூடேறிய கூலண்ட் வண்டியின் முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போய், அதன் மெல்லிய குழாய்களில் ஓடி, எதிர்க்காற்றில் சூட்டை விட்டுவிட்டு என்ஜினுக்குத் திரும்புகிறது. வண்டி வேகமாக ஓடினால் காற்று தானாக அடிக்கும். சிக்னலில் நிற்கும்போது ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். இந்த ஓட்டத்திலிருந்து ஒரு கிளை பிரிந்து, கட்டைவிரல் தடிமனுள்ள ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் போகிறது. அங்கே ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. ஹீட்டர் கோர் என்பார்கள். அதன் மேல் காற்றை ஊதினால் காருக்குள் சூடு வரும். ஏசியைப் போல இதற்குத் தனியாகப் பெட்ரோல் செலவாகாது. எப்படியும் வீணாக வெளியே போகப்போகிற சூடுதான் இது.

கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது தெர்மோஸ்டாட். உள்ளே மெழுகு அடைத்த சிறிய வால்வு அது. மெழுகு சூட்டில் விரிந்து, பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரி செல்சியசுக்குள் கதவைத் திறக்கும். அதுவரை கூலண்ட் என்ஜினுக்குள்ளும் ஹீட்டரிலும் மட்டும் சுற்றும். என்ஜின் 90 டிகிரியை ஒட்டி ஓடுவதுதான் அதற்கு நல்லது. அதைவிடக் குளிர்ந்து ஓடினால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும், என்ஜின் ஆயில் சரியாக இளகாது, தேய்மானம் ஏறும். நம் வெயிலுக்கு இது எதற்கு என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். மைலேஜ் குறையும், ஹீட்டரில் வெதுவெதுப்புக்கு மேல் வராது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்கே திரும்பும் குறுக்கு வழியை அடைத்தும் விடும். அதைக் கழற்றிவிட்டால் கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் சுற்றிக்கொண்டிருக்கும். குளிர வேண்டும் என்று கழற்றிய வண்டி கூடுதலாகச் சூடாகும்.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைக்க வேண்டாம். பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையை அது செய்கிறது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அத்தனை பார் அழுத்தம் வரும்வரை அது விடாது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1 பார் கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் 125 டிகிரியும் தாண்டும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதாவது, என்ஜின் சாதாரணமாக ஓடும் சூடே கொதிநிலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சமவெளியில் ஒரு தொந்தரவும் தராத கார் குன்னூர் தாண்டியதும் ஆவி கக்கினால், வேறு எதையும் பிரிக்கும் முன் மூடியை மாற்றிப் பாருங்கள். இந்த மொத்த அமைப்பிலும் விலை குறைந்த பாகங்களில் ஒன்று அது.

கூலண்ட்டுக்குப் பதிலாகத் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சூட்டை எடுத்துப்போவதில் தண்ணீர் உண்மையிலேயே சிறந்தது. ஆனால் தண்ணீர் துருவைக் கொண்டுவரும். அதிலும் போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். நம் ஊர்ப் பாத்திரங்களில் படியும் அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டர் கோரிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை ஏற்றுகிறது. அதோடு சேர்ந்த ரசாயனங்கள் அலுமினியத்தையும் இரும்பையும் அரிப்பிலிருந்து காக்கின்றன, வாட்டர் பம்பின் உட்புறத்தையும் பாதுகாக்கின்றன. கலப்பதற்கு டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு என்று விற்பதே போதும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களை நம்பி வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காரோடு வந்த புத்தகத்தில் எந்த வகை என்று இருக்கிறதோ அதுதான் கணக்கு. இரண்டு வகைகளைக் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் சக்தி குறைந்துபோகும், சில சமயம் கசடாகவும் திரியும்.

எப்போது சூடாகிறது?

வண்டி ஹீட் ஆகிறது என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கத்தான் செய்வார். எந்த நேரத்தில் சூடாகிறது என்று கவனித்துச் சொன்னால் தேடலில் பாதி முடிந்துவிடும்.

நெரிசலில் ஊர்ந்து போகும்போது டேஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறுகிறது, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். சோதிப்பது சுலபம். வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓடும்போதே ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்திலேயே ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, ஒயர், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஃபியூஸாகவோ ரிலேயாகவோ இருந்துவிட்டால் வேலை நிமிடங்களில் முடியும். ஏசி போட்டால் சுற்றுகிறது, என்ஜின் சூடானால் மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சூட்டை அறியும் சென்சார் பக்கம் போக வேண்டும். ஃபேன் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாதீர்கள். சில கார்களில் என்ஜினை அணைத்த பிறகும் அது திடீரென்று சுற்றும்.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒன்றும் இல்லை, வேகமாகப் போனாலோ ஏற்றம் ஏறினாலோ முள் ஏறுகிறது என்றால் ஃபேன் குற்றவாளி இல்லை. அந்த வேகத்தில் காற்று தாராளமாக வருகிறது. அப்படியிருந்தும் சூடு இறங்கவில்லை என்றால் கூலண்ட் போதவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே உப்பாலும் வெளியே பூச்சி, மண்ணாலும் அடைத்திருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது வாட்டர் பம்ப் தேய்ந்துவிட்டது. வெளி அடைப்பை பானெட்டைத் திறந்தாலே பார்க்கலாம். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் முன்னாலும் ரேடியேட்டர் பின்னாலும் இருப்பதால் இரண்டுக்கும் நடுவில் குப்பை சேர்ந்து கண்ணில் படாமலும் இருக்கும். தண்ணீரை மெதுவாக, என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே அடித்துக் கழுவ வேண்டும். அழுத்தமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று போகும் வழியே அடைபடும்.

மலை ஏறும்போது மட்டும் லேசாகச் சூடு ஏறுகிறது என்றால் ஓட்டும் முறையையும் பார்க்க வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வேகம் கிடையாது, காற்று கிடையாது, பாரம் மட்டும் முழுதாக இருக்கும். பெட்ரோல் மிச்சம் என்று பெரிய கியரில் முக்கி முக்கி ஏற்றினால் வாட்டர் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். சின்ன கியரில் என்ஜினைத் தாராளமாகச் சுற்றவிட்டால் கூலண்ட் வேகமாக ஓடும். ஏசியையும் அணைத்துவிட்டால் ரேடியேட்டருக்கு எதிரே வரும் சூடு குறையும்.

ஸ்டார்ட் செய்து சில நிமிடங்களிலேயே முள் சரசரவென்று சிவப்புக்கு ஓடுகிறதா? என்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேற்பக்கத்துக்குப் போகும் மேல் ஹோஸைத் தொடாமல் கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். என்ஜின் கொதிக்கிறது, ஆனால் ரேடியேட்டர் பக்கம் சில்லென்று இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். திறந்தே சிக்கிக்கொண்டால் இதற்கு எதிர். குளிர் காலையில் அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் முள் கீழேயே கிடக்கும், ஹீட்டரில் இளஞ்சூடுதான் வரும்.

முள்ளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல கார்களில், சூடு கொஞ்சம் முன்பின் போனாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நகர ஆரம்பிக்கும்போது விஷயம் முற்றியிருக்கும். பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது, என்ஜின் குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. கூலண்ட் மொத்தமாக வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் தொங்கும், சரியான சூட்டைக் காட்டாது. ஏறிய முள் திடீரென்று சரிந்தால் நிம்மதி அடையாமல் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

ஹீட்டர் சொல்லும் சேதி

முள் மேலே போகிறது, ஹீட்டரைத் திருப்பினால் குளிர்ந்த காற்று வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அடுத்த கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. என்ஜின் கொதிக்கும்போது ஹீட்டர் கோர் குளிர்ந்திருக்கிறது என்றால் கூலண்ட் அங்கே வந்து சேரவில்லை. பெரும்பாலும் அளவு குறைந்து, குழாய்களில் காற்று புகுந்திருக்கும். பல கார்களில் ஹீட்டர் கோர் உயரமான இடத்தில் இருப்பதால் கூலண்ட் குறைந்தால் முதலில் வறண்டுபோகும் இடங்களில் அதுவும் ஒன்று. வாட்டர் பம்ப் தள்ளவில்லை என்றாலும் இதே அறிகுறிதான்.

முள் சரியாக இருக்கிறது, நிற்கும்போது ஹீட்டரில் சூடு இல்லை, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சூடு வருகிறது என்றால், அதே நோய் இப்போதுதான் தொடங்குகிறது. கூலண்ட் கொஞ்சம் குறைந்திருக்கும், அல்லது குழாயில் காற்று சிக்கி ஓட்டத்தைத் தடுக்கும் ஏர் லாக் இருக்கும், அல்லது பம்பின் இறக்கைகள் தேய்ந்திருக்கும். ஹீட்டரை மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் போட்டுப் பார்ப்பவருக்கு இது முள் அசைவதற்கு முன்பே தெரிந்துவிடும். சமவெளியில் இருப்பவரும் ஹீட்டரைத் தொட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கூலண்ட் நிறைய இருக்கிறது, என்ஜினும் சரியான சூட்டில் இருக்கிறது, ஆனாலும் ஹீட்டர் குளிர்ந்தே இருந்தால், டேஷ்போர்டுக்குள் போகும் இரண்டு ஹோஸ்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று சூடு, மற்றொன்று குளிர் என்றால் ஹீட்டர் கோர் அடைத்திருக்கிறது அல்லது அதன் வால்வு மூடியிருக்கிறது. இரண்டுமே சூடாக இருந்தால் கூலண்ட் ஓட்டத்தில் பழுதில்லை. உள்ளே சூட்டுக் காற்றையும் குளிர்க் காற்றையும் பிரித்துவிடும் தடுப்புத் தகடு நகரவில்லை. என்ஜினுக்கு இதனால் ஆபத்து இல்லை, பொறுமையாகச் சரிசெய்யலாம்.

முன் சீட்டுக்குக் கீழே கம்பளம் நனைந்திருப்பதை வைத்து நம் ஊரில் அடிக்கடி குழப்பம் வரும். அநேகமாக அது ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயின் அடைப்பாகத்தான் இருக்கும். அந்தத் தண்ணீர் நிறமோ மணமோ இல்லாமல் இருக்கும். தொட்டால் பிசுபிசுப்பாக, லேசான தித்திப்பு வாடையோடு, நிறத்தோடு இருந்தால் அது கூலண்ட், ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் தடவியதுபோல மங்கலாவதும் இதன் அடையாளம். புதிய கோர் மாட்ட பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், கூலி அதிகம். அதுவரை ஓட்ட, இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துக் கோரை விலக்கிவிடும்படி மெக்கானிக்கிடம் கேட்கலாம்.

ஒழுக்கே தெரியாமல் குறைந்தால்

கார் தண்ணீர் குடிக்கிறது என்பார்கள். அளவு குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை. முதலில் ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி இணைப்பு, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளை ஆகியவற்றில் காய்ந்த வெள்ளைத் தடம் இருக்கிறதா பாருங்கள். சூடான என்ஜின் மேல் சொட்டினால் தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும், தடம் மட்டும் நிற்கும். பம்பின் துளையில் ஈரம் தெரிந்தால் அதன் சீல் போய்க்கொண்டிருக்கிறது.

அங்கேயும் ஒன்றுமில்லை என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அது ஹெட்டுக்கும், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தகடு. ஒருமுறை என்ஜின் நன்றாகக் கொதித்தால் அலுமினிய ஹெட் வளைந்து இந்தத் தகடு வழிவிடும். எரிந்த வாயு கூலண்டுக்குள்ளும் கூலண்ட் சிலிண்டருக்குள்ளும் போகும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, கூடுதல் கூலண்ட் நிற்கும் ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி வருவது, என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஆயில் பால் கலந்ததுபோல இருப்பது இவற்றில் எதுவானாலும் ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துப் போங்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் மெல்லிய வெண்ணிறப் படிவு இருந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் கார்களில் ஈரத்தால் அது வரும். ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிட விடாதீர்கள். ஹெட் சமமாக இருக்கிறதா என்று அளந்து, தேவைப்பட்டால் அதன் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கும் ஃபேசிங் செய்த பிறகே மாட்ட வேண்டும்.

வழியில் கொதித்தால்

முள் ஏற ஆரம்பித்ததும் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். கண்ணாடிகளை இறக்கிக்கொள்ளுங்கள், வியர்க்கத்தான் செய்யும். கூலண்ட் ஓடிக்கொண்டிருந்தால் ஹீட்டர் கோர் இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்து, வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தும் வரை கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும். ஆவி வந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தாலோ தாமதம் வேண்டாம், ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

மூடியை அப்போது திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் சூடேறி, அழுத்தத்தால் மட்டும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம். அழுத்தம் விலகிய கணத்தில் அது கொதித்து, முகத்துக்கு நேராகப் பீறிடும். துணியைச் சுற்றிக்கொண்டு திறந்தும் கை வெந்தவர்கள் உண்டு. குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸ் அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும், தொட்டால் சுடக் கூடாது. அவசரத்தில் என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது அதைவிடத் தவறு, சூடான உலோகம் திடீரென்று சுருங்கி விரிசல் விடும். கையில் கூலண்ட் இல்லை, குடிதண்ணீர்தான் இருக்கிறது என்றால், ஆறிய பிறகு அதை ஊற்றிக்கொண்டு பக்கத்துப் பட்டறைவரை போகலாம். ஊர் போய்ச் சேர்ந்ததும் அதை வடித்துவிட்டுச் சரியான கலவையை நிரப்ப வேண்டும்.

நிரப்பும்போது காற்றை வெளியேற்றாமல் விட்டால் எல்லாம் மாற்றியும் சூடு ஏறும். என்ஜின் ஆறியிருக்கும்போது, முடிந்தால் முன்பக்கம் சற்று உயரும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்த நிலையில் மெதுவாக ஊற்றி, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு திடீரென்று இறங்கும், குமிழிகள் வரும். குமிழி நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி மூட வேண்டும். காற்றை வெளியேற்றத் தனியாக ஒரு திருகு வைத்த கார்களும் உண்டு, அவற்றுக்குப் புத்தகத்தில் உள்ள முறைதான் சரி. மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன், ரிசர்வ் டேங்கின் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் அளவு நிற்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் அது கடைசியாக வெளியேறிய காற்றின் இடம், நிரப்பிவிடலாம். அதற்கடுத்த வாரமும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

வேலை முடிந்ததும் தரையில் சிந்தியதை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், மிஞ்சிய கேனைக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். தெரு நாய்களும் பூனைகளும் அதை நக்கிச் செத்துப்போகின்றன.